ஜெராக்ஸ் கடை திறந்தாச்சா?

“ஜெராக்ஸ் கடை திறந்தாச்சா?”

விடிந்ததிலிருந்து இதே கேள்வி. பல் தேய்க்கும்போது கேட்டான். இடியாப்பம் சாப்பிடும்போது கேட்டான். நான் தலைவாரிக்கொண்டிருந்தபோது என் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டான்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கடை திறக்காது” என்றேன்.

“திறக்காது” என்றான். கையை உதறினான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு மறுபடியும்,

“ஜெராக்ஸ் கடை திறந்தாச்சா?”

யா அல்லாஹ்! எனக்கு மட்டும் ஏன் இப்படி ஓர் அண்ணன்?

அவன் பெயர் இர்பான். வயது பதினான்கு. நான் சுஹா, எனக்குப் பதினொன்று. கீழக்கரையில் எங்கள் வீடுகளில் அப்பாவை ‘வாப்பா’, அம்மாவை ‘உம்மா’, அண்ணனைக் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்ப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், என் தொல்லை அதுவல்ல.

காக்காவுக்கு ஃபிராஜைல் எக்ஸ். அது காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய் இல்லை. பிறக்கும்போதே உடம்புக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் மாறிப் போயிருப்பதால், கற்றுக்கொள்வதும் பேசுவதும் அவனுக்குக் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். சத்தம் ஆகாது. கூட்டம் ஆகாது. யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். முகத்துக்கு முன்னால் நின்று கேள்வி கேட்டால் போச்சு! தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும். கையைக் கடிக்க ஆரம்பித்துவிடுவான்.

ஆனால் யாரும் கேட்காதபோது வாய் ஓயாது. நான் சத்தம் போட்டுச் செய்யுள் மனப்பாடம் செய்வேன். அடுத்த வரி மறந்து நிறுத்தினால் போதும், பக்கத்து அறையிலிருந்து அந்த வரியை அவன் சொல்லிவிடுவான். அது என் பாடம்! இவனுக்கு எதற்கு?

முகத்தைப் பார்க்க மாட்டானா, அதனால் காலைத்தான் பார்ப்பான். ஊரில் யார் எந்தச் செருப்பு போடுகிறார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே “மீன்கார வீரையா” என்பான். “கேஸ்கார அண்ணன்” என்பான்.

போன பெருநாளைக்குக் காலிதா மாமி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். மாமி எங்கள் வாப்பாவின் அக்கா. எதிர்வீடுதான். “இது மாமி செருப்பு இல்ல, இது மாமி செருப்பு இல்ல” என்று காக்கா சொல்லிக்கொண்டே இருந்தான். மாமி வீட்டுக்குப் போய்ப் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ஓய்ந்தான். மாமிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

இந்த வெள்ளிக்கிழமையில்தான் வாப்பா துபாய்க்குப் புறப்பட வேண்டும். மதியம் தொழுகை முடிந்ததும் கார் வரும். மாலையில் மதுரையில் விமானம். பழைய கம்பெனியை மூடிய பிறகு வாப்பா வேலை தேடி அலையாத இடமில்லை. இப்போதுதான் புதிதாக ஒன்று கிடைத்திருந்தது. நாளைக்குப் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்களாம்.

உம்மா பெட்டியில் இனிப்புத் தொதல் டப்பாவை வைத்தார். முறுக்கை வைத்தார். கடைசியில் டிக்கெட்டை வைப்பதற்காக ஜிப் வைத்த சின்னக் கறுப்புப் பையைத் திறந்தார்.

“என்னங்க, பாஸ்போர்ட்டு எங்க?”

“அதுலதான் இருக்கு.”

“ஆதார் இருக்கு. பாஸ்போர்ட்டக் காணோம்.”

வாப்பா ஓடி வந்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஆதார் அட்டையும் பழைய பேனா மூடியும் விழுந்தன.

“நேத்து ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து இதுலதான வச்சேன்! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!”

வீடே தலைகீழானது. மெத்தையைப் புரட்டினோம். அலமாரியைக் காலி செய்தோம். கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துக் கொட்டினோம், முறுக்கெல்லாம் நொறுங்கியது. பாஸ்போர்ட் மட்டும் கிடைக்கவில்லை.

அப்போது வழியனுப்ப வந்திருந்த காலிதா மாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். “நேத்து சாயங்காலம் அந்தப் பைய வச்சு ஜிப்பத் திறந்து மூடி விளையாண்டது யாரு?”

எல்லோரும் காக்காவைப் பார்த்தோம். காக்காவுக்கு ஜிப் என்றால் உயிர். போன மாதம் டிவி ரிமோட்டை அரிசிப் பானைக்குள் போட்டவனும் அவன்தான்.

வாப்பா அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். “இர்பான், வாப்பாவப் பாரு. பாஸ்போர்ட்ட எங்க வச்ச?”

காக்காவின் கண்கள் கூரைக்குப் போயின. “ஜெராக்ஸ் கடை திறந்தாச்சா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுல! எங்க வச்ச?”

“ஜெராக்ஸ் கடை திறந்தாச்சா?”

“தலவேதனை! இன்னிக்குக் கடை லீவு!” என்று மாமி கத்தினார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “மிட்டாய் தாரேன், சொல்லுப்பா. அரிசிப் பானையிலயா? பீரோவுலயா? கிணத்துலயா?” என்றார்.

நானும் விடவில்லை. “காக்கா, சொல்லித் தொலையேன்! வாப்பாவுக்கு வேலை போயிரும்!”

காக்கா கையைக் கடித்தான். கடித்த இடம் சிவந்துவிட்டது.

“போதும், விடுங்க” என்று உம்மா குறுக்கே வந்து நின்றார். “புள்ள கையக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான்.”

வாப்பா காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.  அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வாப்பா முகம் கழுவிக்கொண்டு, “எல்லாரும் அல்லாஹ்கிட்ட துஆ கேளுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனார்.

எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. சொல்லாத காக்கா மேல், கத்துகிற மாமி மேல், பையைப் பத்திரமாக வைக்காத வாப்பா மேல்.

காக்கா மாடிப்படிக்கு அடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நானும் போய் அவன் முதுகில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அவனிடம் எதையும் கேட்கப் போகவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எதிர்ச் சுவரைப் பார்த்து எனக்கு நானே பொருமினேன்.

“நேத்து எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு? வாப்பாவும் நீயும் வண்டியில கடைக்குப் போனீக. கடைக்கார சலாஹுதீன் மாமா ஆதார் கார்ட ஜெராக்ஸ் எடுத்தாக. அப்புறம்...”

மூச்சு விடுவதற்காக நிறுத்தினேன்.

“பாஸ்போர்ட்டு” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி, “என்ன காக்கா, என்ன ஆச்சு?” என்று உலுக்க வேண்டும் போல இருந்தது. நல்லவேளை, திரும்பவில்லை. திரும்பிக் கேட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். செய்யுள் சொல்வது போலச் சுவரிடமே சொன்னேன்.

“சலாஹுதீன் மாமா பாஸ்போர்ட்ட வாங்கி...”

“மூடிக்குள்ள கவுத்து வச்சாக.”

“மெஷின்ல லைட்டு அடிச்சுச்சு...”

“அடிக்கல. கரண்டு போயிருச்சு.”

“அந்நேரம் பாத்து வாப்பாவுக்கு...”

“போன் வந்துச்சு. ஹலோ, ஹலோ! வாப்பா வெளிய வந்துட்டாக. ‘ஏறுல’ன்னாக. வண்டியில ஏறிட்டேன்.”

“பாஸ்போர்ட்டு...”

“மூடிக்குள்ள” என்றான். பிறகு மெதுவாக, “ஜெராக்ஸ் கடை திறந்தாச்சா?” என்றான்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். விடிந்ததிலிருந்து இவன் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்! நாங்கள் எல்லோரும் ‘வெள்ளிக்கிழமை, லீவு’ என்று ஒழுங்காகப் பதில் சொன்னோம். எதற்குக் கேட்கிறான் என்று ஒருவராவது யோசித்தோமா? எங்களுக்கு என்ன வந்தது? அவன் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கள் மேல் திரும்பியது.

“உம்மா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

மாமி நம்பவில்லை. “இவன் பேச்சக் கேட்டு அலையப் போறியாக்கும்?” என்றார். உம்மா போனை எடுத்துச் சலாஹுதீன் மாமாவுக்கு அடித்தார். அவர் மனைவிதான் எடுத்தார்.

“அவுக போன வீட்டுலயே வச்சுட்டுத் தொழப் போயிட்டாக. எந்தப் பள்ளிவாசல்னு சொல்லல. தொழுதுட்டு அப்படியே பெரியபட்டினத்துக்கு விருந்துக்குப் போயிருவாக. கடைச் சாவியா? அவுக பாக்கெட்டுலதான் கெடக்கு.”

வாப்பாவுக்கு அடித்தோம். வாப்பாவின் போன் எங்கள் வீட்டுச் சோபாவிலேயே பாடியது.

“ஊர்ல எத்தனை பள்ளி இருக்கு! அதுல எங்கன போய்த் தேடுறது?” என்று உம்மா கையைப் பிசைந்தார். “எல்லாரும் வெள்ளச் சட்டை, வெள்ளத் தொப்பி. கூட்டத்துல முகத்தக் கண்டுபிடிக்க முடியுமா?”

“முகத்தத் தேடுனாத்தான உம்மா கஷ்டம்?” என்றேன்.

துபாயிலிருந்து வாப்பா வாங்கி வந்த பெரிய ஹெட்போனை எடுத்துக் காக்காவின் காதில் மாட்டினேன். அதைப் போட்டால் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. பக்கம் நின்றால் நான் பேசுவது கேட்கும்.

“சலாஹுதீன் மாமா செருப்பு பச்ச வாரு. அதுல...”

“ஊக்கு” என்றான் உடனே. வார் அறுந்ததை அவர் ஊக்கு குத்திச் சமாளிக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

இருவரும் ஓடினோம்.

முதல் பள்ளிவாசலில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. படியோரம் ஏகப்பட்ட செருப்புகள். காக்கா குனிந்துகொண்டே நடந்தான். “பால்கார காசிம் மாமா. கணக்கு சார். தையல்கார மாமா...” ஒரு செருப்பு விடாமல் பேர் சொன்னான். கடைசிச் செருப்பு வரை போய் நிமிர்ந்தான்.

“இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”

அய்யோ, கேட்டுவிட்டேனே! அவன் கை வாய்க்குப் போனது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். “சரி, இங்கன இல்ல. அடுத்த பள்ளியில...”

“பாப்போம்” என்றான்.

இரண்டாவது பள்ளிவாசலில் பாதிச் செருப்புகளைக்கூடத் தாண்டவில்லை, நின்றுவிட்டான்.

“வாப்பா செருப்பு.”

ஆமாம், வாப்பாவின் தோல் செருப்பு, ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயுமாகக் கிடந்தது. காக்கா குந்தி உட்கார்ந்தான். இரண்டையும் எடுத்து ஜோடியாக நேராக வைத்தான். மறுபடி கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

“காக்கா, வா, நேரமாச்சு.”

“வாப்பா வருவாக.”

“அதுக்குள்ள சலாஹுதீன் மாமா போயிருவாக!”

“வாப்பா வருவாக.” அசையவே இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். பாறை மாதிரி இருந்தான். உள்ளே பிரசங்கம் முடிந்து தொழுகைக்கு எழுந்துவிட்டார்கள். எனக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாப்பா வரும்வரை காத்திருந்தால் சலாஹுதீன் மாமா பெரியபட்டினம் போயே போய்விடுவார்.

இழுப்பதை விட்டேன். அவன் பக்கத்தில் நானும் குந்தினேன். அவனைப் பார்க்காமல் அந்தச் செருப்பையே பார்த்தேன்.

“வாப்பா துபாய் போகணும்னா...”

காக்கா செருப்பை இன்னும் ஒரு முறை நகர்த்தினான்.

“பாஸ்போர்ட்டு வேணும்” என்றான். எழுந்தான். எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தான்.

மூன்றாவது பள்ளிவாசல் இருக்கும் தெருவுக்குள் நாங்கள் நுழைந்தபோது அங்கே தொழுகை முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டைகளாகப் படியில் இறங்கி வந்தார்கள். ஆளாளுக்குச் செருப்பைத் தேடிக் காலை நீட்டினார்கள். காக்காவுக்குக் கூட்டம் ஆகாதே! பயத்தில் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தேன். அவன் இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்தான். குனிந்தபடியே சடாரென்று என் கையை உதறிவிட்டுக் கால்களுக்கு நடுவே புகுந்துவிட்டான்.

“காக்கா! காக்கா!”

எந்தப் பக்கம் பார்த்தாலும் இடுப்பும் கைலியும்தான் தெரிந்தன. பாஸ்போர்ட் போனது போதாதென்று அண்ணனையும் தொலைத்துவிட்டேனா? உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அப்போது ஒரு கனத்த குரல் கேட்டது.

“ஏலே, யாருல அது, என் செருப்ப மிதிச்சுக்கிட்டு நிக்கிறது?”

இடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பச்சை வார் செருப்பின் மேல், அந்த ஊக்கின் மேலேயே, காக்கா கால் வைத்து நின்றுகொண்டிருந்தான். எதிரே, ஒரு காலில் மட்டும் செருப்போடு சலாஹுதீன் மாமா.

“இர்பானா? காலை எடுல, வாரு பிஞ்சிரப் போகுது.”

காக்கா காலை எடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “ஜெராக்ஸ் கடை திறந்தாச்சா?”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைல, கடை திற...”

“மாமா, சொல்லாதீங்க!” என்று நான் அலறினேன். “சொல்லாதீங்க, திறங்க!”

மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். மாமாவின் முகம் மாறியது. “அட ஆமா! கரண்டு வரட்டும்னு உக்காந்திருந்தேன். வரல. அப்படியே ஷட்டர இழுத்து விட்டுட்டுப் போயிட்டேன்.” உடனே எங்கள் இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் ஏற்றினார்.

கடைத் தெருவே பூட்டிக் கிடந்தது. மாமா ஷட்டரைத் தூக்கினார். மெஷினின் மூடியைத் திறந்தார்.

கண்ணாடி மேல் குப்புறப் படுத்திருந்தது வாப்பாவின் பாஸ்போர்ட்.

“கடை திறந்தாச்சு!” என்றான் காக்கா. இரண்டு கையையும் உதறிக்கொண்டு குதித்தான். “கடை திறந்தாச்சு! கடை திறந்தாச்சு!”

நானும் கையை உதறிக்கொண்டு குதித்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

நாங்கள் வீட்டுக்குப் போனபோது கார் வாசலில் நின்றது. டிரைவர் வினோத்குமார் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். காக்கா பக்கவாட்டில் நடந்து போய், சுவரைப் பார்த்துக்கொண்டே பாஸ்போர்ட்டை நீட்டினான்.

வாப்பா அதைப் பார்த்தார். காக்காவைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்லத் தலையில் கைவைத்துக்கொண்டார். “நானா வச்சுட்டு வந்தேன்? புள்ளையப் போய்க் குத்தம் சொல்லிட்டேனே!” என்றார். உம்மா அழுதுகொண்டே பெட்டியை அடுக்க உள்ளே ஓடினார்.

காலிதா மாமி விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போனார். கோபமோ என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய துண்டுத் தொதல் இருந்தது. காலில் பழைய செருப்பு இருந்தது.

“மாமி செருப்பு” என்று காக்கா சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் தொதலை வாங்கிக்கொண்டான்.

பெட்டியைக் காரில் ஏற்றினார்கள். வாப்பா காக்காவைக் கட்டிப்பிடிக்கக் குனிந்தார். காக்கா விறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

“இப்படி இல்ல வாப்பா” என்றேன். “அவன் முகத்தப் பாக்காதீங்க. பக்கத்துல நில்லுங்க. கேள்வியும் கேக்காதீங்க. சொல்ல வந்ததப் பாதியில விடுங்க.”

வாப்பா அவன் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் ஒரே மாதிரி, கார் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வாப்பா துபாய் போயிட்டு...” என்றார் வாப்பா. 

காக்கா தொதலை மென்று விழுங்கினான்.

“வருவாக” என்றான். தன் கையை நீட்டி, டயரைப் பார்த்தபடியே, வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டான்.

கார் தெரு முனை திரும்பும்வரை நாங்கள் கையாட்டினோம். அது மறைந்ததுதான் தாமதம்.

“வாப்பா எப்ப வருவாக?”

“நோன்புப் பெருநாளுக்கு” என்றார் உம்மா.

“பெருநாளுக்கு” என்றான். கையை உதறினான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு,

“வாப்பா எப்ப வருவாக?”

“ஆரம்பிச்சுட்டான்யா!” என்று மாமி காதைப் பொத்திக்கொண்டார்.

“கேக்கட்டும் மாமி” என்றேன். “எனக்கும் அதுதான் தெரியணும்.”